வழித்து நக்கிய தட்டு

என் வீட்டில் இரண்டே பேர். ஒன்று நான், திரைச்சீலை தைப்பவள். இன்னொருவர் மேனேஜர். அந்தப் பெயரை வைத்தது என் தங்கை. நான் முதுகு ஒடிய மெஷினில் குனிந்து தைத்துக்கொண்டிருப்பேன். அவன் துணிக்கட்டின் மேல் ஏறி உட்கார்ந்து, ஒரு துரும்பையும் அசைக்காமல், பாதிக் கண்ணை மூடிக்கொண்டு என்னை மேற்பார்வை பார்ப்பான். அப்படிப்பட்ட பூனைக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? சாம்பல் நிறம், ஏழு கிலோ. தூக்கினால் எனக்கு மூச்சு வாங்கும்.

அந்த ஏழு கிலோதான் என் தங்கையின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. எடை குறைக்க வருகிறவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. யாரைப் பார்த்தாலும் அவளுக்கு முகத்துக்கு முன்னால் இடுப்புதான் தெரியும். அவளுடைய மதியச் சாப்பாடு உப்பும் எண்ணெயும் படாமல் வேகவைத்த கோழி. வருஷக்கணக்காக அதையே டப்பாவில் தூக்கிக்கொண்டு அலைகிறாள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று நான் கேலி செய்வேன். "உன் நாக்குதான்க்கா உனக்கு வில்லன்" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். பக்கத்துக் கட்டடத்தில்தான் குடியிருக்கிறாள்.

வெளியூரில் ஒரு ஹோட்டலுக்குத் திரை தைத்து மாட்டிக்கொடுக்கும் வேலை வந்தது. அங்கேயே தங்கிச் செய்ய வேண்டும், இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்கும் என்றார்கள். மேனேஜரை யாரிடம் விடுவது என்று நான் யோசிக்கக்கூட இல்லை. தங்கையிடம் சாவியைக் கொடுத்தேன். மீனும் கோழியும் வேகவைத்து, வேளைக்கு ஒரு சின்ன டப்பா என்று ஃப்ரீசரில் அடுக்கிவிட்டுக் கிளம்பினேன்.

சாயங்காலம் ஏணியை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக அவளுக்கு போன் போடுவேன்.

"சாப்பிட்டானா?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்ட? தட்டை வழிச்சு நக்கிட்டான். கழுவவே வேண்டாம், அப்படியே எடுத்து வைக்கலாம்."

தினமும் இதே பதில்தான், கூடவே ஒரு சிரிப்பு. ஜன்னல் ஜன்னலாக ஏறி இறங்கிக் கால் கடுத்த அலுப்பெல்லாம் அதைக் கேட்டதும் போய்விடும். ராணி மாதிரித் தூங்குவேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது மேனேஜர் வாசலுக்கு வரவில்லை. துணிக்கட்டின் மேலும் ஆளைக் காணோம். கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தான். இழுத்துத் தூக்கினேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அவன் காதை மடக்கிப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க மஞ்சள். உதட்டைத் தூக்கினால் ஈறும் மஞ்சள்.

தங்கைக்கு போன் போட்டேன். ஓடி வந்தாள். இரண்டு பேருமாக அவனைக் கூடையில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா சுற்றி வளைத்துப் பேசுகிற ரகம் இல்லை. ரத்தம் எடுத்தார், வயிற்றை ஸ்கேன் செய்தார், கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை நாளா பட்டினி?"

"பட்டினியா? நேத்து வரைக்கும் நல்லாத்தானே சாப்பிட்டான்."

"இருக்காதும்மா. கல்லீரல் முழுக்கக் கொழுப்பு அடைச்சிருக்கு. குண்டா இருக்கற பூனை திடீர்னு சாப்பிடாம விட்டா, உடம்புக் கொழுப்பு மொத்தமும் கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்துடும். அப்புறம் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டும். மறுபடி சாப்பிட வெச்சாத்தான் பிழைக்கும். இது ஒரு நாள்ல வந்ததில்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "என் தங்கச்சி தினம் பக்கத்துலயே உக்காந்து சாப்பிட வெச்சிருக்கா. அவ என்ன பொய்யா சொல்லுவா? உங்களுக்கு என்ன நோய்னு தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. எங்க மேல பழியைப் போடாதீங்க!"

வெளியே காத்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு இது பழக்கம். அவளை யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். டாக்டரம்மா என் தங்கையைப் பார்த்தார். அவள் கூடையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

மருந்தும், குழைத்த சாப்பாடும், அதை வாயில் செலுத்த ஊசியில்லாத சிரிஞ்சும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும், மீன் வாசனையாவது அவனை எழுப்பாதா என்று ஃப்ரீசரைத் திறந்தேன். நான் அடுக்கிய அடுக்கு கலையாமல் இருந்தது. மேலே ஒன்றிரண்டு டப்பாவைத்தான் காணோம். மீதியெல்லாம் பனி மூடி, என் விரல் பட்ட தடத்தோடு அப்படியே இருந்தன. அலமாரியில் நான் வாங்காத ஒரு மூட்டை. பூனைகளின் எடையைக் குறைக்கும் தீனி. வாய் பிரித்திருந்தது, அளவு குறையவில்லை.

தங்கை என் பின்னாலேயே நின்றாள். அவளாகவே ஆரம்பித்தாள்.

"முதல் மூணு நாள்தான்க்கா கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிடும்னு நினைச்சேன். எங்ககிட்ட வர்றவங்க எல்லாருக்கும் அப்படித்தான். பசி தாங்கலைன்னா தானா இதைச் சாப்பிடுவான்னு… அவன் பிடிவாதம் பிடிச்சான். நானும் விட்டுக்கொடுக்கல. நீ வரும்போது ஒல்லியா ஓடி வருவான், நீ அசந்து போயிடுவேன்னு…"

"போன்ல தினம் சொன்னியே, அது?"

"நீ அங்க ஏணி மேல நிக்கற. கவலைப்பட்டு விழுந்து வெச்சா?"

"சரி. இன்னிக்கு டாக்டர் முன்னாடி?"

திருதிருவென்று முழித்தாள்.

பட்டினி போட்டதை முட்டாள்தனம் என்று நினைத்து விட்டிருப்பேனோ என்னவோ. போனில் சொன்ன பொய்யைக்கூட எப்படியாவது விழுங்கியிருப்பேன். ஆனால் அவளுக்காக நான் ஊர் பார்க்கச் சண்டை போட்டபோது, பக்கத்திலேயே நின்று என்னைப் பேசவிட்டாளே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. எந்த வேளைக்கு என்ன கொடுத்தாள், எப்போதிலிருந்து அவன் வாயைத் திறக்கவில்லை என்று அங்கேயே சொல்லியிருந்தால் டாக்டருக்காவது உதவியிருக்கும். "வெளிய போ" என்றேன். போனாள். சாவியைக் கேட்டு வாங்கும் நிதானம் எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு என் வேலையே மேனேஜரின் வாயைத் திறப்பதுதான். துண்டில் சுற்றி மடியில் இறுக்கி, கடைவாயில் சிரிஞ்சைச் செருகி, சொட்டுச் சொட்டாகச் செலுத்துவேன். பாதியைத் துப்புவான், மீதியை என் மேல் வாந்தி எடுப்பான். தைக்க வைத்திருந்த வெள்ளைத் துணியெல்லாம் கறை. கெஞ்சினேன், கொஞ்சினேன், "சாப்பிட்டுத் தொலையேண்டா" என்று அழுதேன். நாலைந்து நாளில் என் காலடிச் சத்தம் கேட்டாலே அவன் வாயில் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. பசிக்கிறதோ என்று நான் பூரித்துப்போய் டாக்டரிடம் சொன்னேன்.

"பசி இல்லம்மா, குமட்டல். இனிமே வாயில திணிக்காதீங்க. உங்களைப் பார்த்தாலே அவனுக்கு வயித்தைப் பிரட்டுது" என்றார்.

மூஞ்சியில் அடித்தாற்போல் இருந்தது. பிறகு அவனை மயக்கத்தில் படுக்கவைத்து, கழுத்து வழியாக ஒரு மெல்லிய குழாய் வைத்துவிட்டார். அதன் வழியாகக் கரைத்த சாப்பாட்டை மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். தள்ளினேன். காதின் மஞ்சள் வெளுத்தது, கண்ணில் உயிர் வந்தது. ஆனால் வாயால் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை.

"குழாயை எத்தனை நாளைக்கு வெச்சிருக்க முடியும்? தோல்ல இப்பவே லேசா சிவக்குது. அவனாவே சாப்பிட ஆரம்பிச்சாத்தான் கழட்டுவேன். சாப்பாட்டை வெச்சிட்டு அந்தப் பக்கமே திரும்பாதீங்க" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

வெதுவெதுப்பாக மீன் வைத்தேன், முட்டை மஞ்சள்கரு வைத்தேன், விரலில் தடவிக் காட்டினேன். தலைகீழாக நின்றும் பார்த்தாயிற்று. அவன் மேனேஜர் உத்தியோகத்தையே விட்டுவிட்டான். துணிக்கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கழுத்துக் கட்டோடு, நான் எப்போது அறையை விட்டுப் போவேன் என்று காத்திருந்தான். நான் என்ன பாவம் செய்தேன்? அவள் சாக விட்டாள், நான் பிழைக்க வைக்கிறேன். அவன் ஒளிவதோ என்னைப் பார்த்து.

தங்கை தினமும் வந்து கதவைத் தட்டுவாள். நான் திறக்க மாட்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் படியிறங்கிப் போவாள்.

ஒரு மத்தியானம் திரை மாட்டக் கிளம்பிப் போனவள், கொக்கிப் பெட்டியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். வாசலில் அவள் செருப்பு. பற்றிக்கொண்டு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கதவைத் தள்ளினேன். தையல் அறையிலிருந்து பேச்சுக்குரல் வந்தது.

"நாப்பது தடவை குனிஞ்சு எந்திரின்னா, அந்தம்மா நாலு தடவையிலயே தரையில படுத்துக்கறாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

கதவிடுக்கில் பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு டப்பா. கோழியைப் பிய்த்துப் பிய்த்து அவள் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தாள். பூனை பக்கம் திரும்பவே இல்லை. அவளுடைய முட்டியின் மேல் ஒரு சாம்பல் நிறக் கை இருந்தது. மேனேஜர் கழுத்தை நீட்டி மோந்தான். அவள் வாய்க்குக் கொண்டுபோன துண்டை, நடு வழியில், விரலிடுக்கிலிருந்து பிடுங்கினான். மென்றான். இன்னொன்று கேட்டு அவள் கையை முட்டினான்.

அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. என் மடியில் வாந்தி எடுத்தவன், எனக்கு முதுகைத் திருப்பியவன், அவள் கையில் போய் நக்குகிறான். துரோகி! இதை யாரிடம் போய் முறையிடுவது? பட்டினி போட்டது அவள்தான் என்று ஒரு பூனைக்கு எப்படிப் புரியவைப்பது? அவனைப் பொறுத்தவரை அவள் ஒரு நாளும் அவனைத் துண்டில் சுற்றியதில்லை, வாயில் எதையும் திணித்ததில்லை.

என் கையில் சாவிக்கொத்து குலுங்கிவிட்டது. மேனேஜர் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். காது இரண்டும் படிந்தன. வாயிலிருந்த துண்டைக் கீழே போட்டுவிட்டுத் துணிக்கட்டுக்குப் பின்னால் ஓடினான். தங்கை வெலவெலத்துப்போய் எழுந்தாள்.

"அக்கா, நீ கதவைத் திறக்கல… ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடலாம்னுதான்…"

கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையையும் விழுங்கிக்கொண்டேன். கேட்டால் அவள் போய்விடுவாள். அவள் போனால் அவன் சாப்பிட மாட்டான்.

"டப்பால இன்னும் இருக்கா?" என்றேன்.

"இருக்கு."

"மீதியை அவன் தட்டுல போட்டு வை. நான் வெளிய இருக்கேன்."

என் வீட்டுக்கு வெளியே, மாடிப்படியில், நான் போய் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்தார். "சாவியைத் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உள்ளே அவள் யாருடைய இடுப்பைப் பற்றியோ அவனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பது மெல்லக் கேட்டது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், அப்படியும் வந்துவிட்டது.

ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. அவள் முகம் மலர்ந்திருந்தது.

"அக்கா! தட்டை வழிச்சு நக்கிட்டான்!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதே வார்த்தை. அதே குரல், அதே சிரிப்பு. அன்று போனில் கேட்டதற்கும் இதற்கும் ஒரு இழை வித்தியாசம்கூட இல்லை. எது பொய், எது நிஜம் என்று இனிமேல் அவள் குரலை வைத்து எனக்குச் சொல்லத் தெரியாது.

"தட்டைக் காட்டு" என்றேன்.

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். படிக்கட்டு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு நார்கூட இல்லை. விரலால் தடவினேன், நாக்கு பட்ட ஈரம் இன்னும் காயவில்லை.

"நாளைக்கும் வா" என்றேன். "நான் இங்க உக்காந்துக்கறேன். அவன் சாப்பிட்டு முடிச்சதும் தட்டைக் கொண்டாந்து காட்டிட்டுப் போ."

"தினமுமாக்கா?"

"தினமும்."

தலையாட்டினாள். சின்ன வயதில் திட்டு வாங்கும்போதும் இப்படித்தான் ஆட்டுவாள். தட்டை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் கொடுக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.