சுந்தராம்பாள் வீட்டு நம்பர்

ஜாஹிதா பேகத்துக்கு மறதி என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் செஞ்சி பஸ் ஸ்டாண்டே சிரித்திருக்கும். அதற்கு எதிரேதான் கணவர் சாந்த் பாஷாவோடு எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். கல்லாவில் பாஷா, போனில் இவள். "அவலூர்பேட்டை மண்டிக்குப் போடும்மா" என்றால் போதும், விரல் தானாக ஓடும். கோட்டை ஏறி இறங்கி மூச்சு வாங்க வந்து நிற்கிறவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கோடு நம்பரைப் போட்டிருப்பாள். அப்படி ஒரு கெத்து.

அந்த நம்பர்களில் ஒன்று மட்டும் தனி. இரண்டு தெரு தள்ளி இருக்கும் சுந்தராம்பாள் வீட்டு நம்பர். அவள் மகன் சிவசங்கர் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன், வரவே இல்லை. எங்கே இருந்தாலும் அவனுக்குத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான். சாயங்காலமானால் சுந்தராம்பாள் பூத்துக்கு வந்துவிடுவாள்.

"ஜாஹிதா, ஒரு தபா மணி அடிக்க வுடு. லைன் உசுரோட இருக்குதான்னு பாக்கணும்."

சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடுவாள். போய்ச் சேர்ந்திருப்பாள் என்று கணக்குப் பண்ணி ஜாஹிதா போடுவாள். ஒரு மணி, அவ்வளவுதான், வைத்துவிடுவாள். அதற்குக் காசு வாங்கியதில்லை.

இப்போது பாஷா இல்லை. பூத் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். ரொம்ப வருஷமாக ஜாஹிதாவோடு குடித்தனம் நடத்துவது சர்க்கரை வியாதிதான். டீத்தூளைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படியில் அப்படியே நின்றுவிடுகிறாள். பால் தெரிகிறது, பாத்திரம் தெரிகிறது, எதற்குப் பின்னால் எது என்பதுதான் பிடிபடவில்லை.

விழுப்புரத்து டாக்டர், அவள் மகன் அர்ஷத்திடம் சொன்னார்: "மூளையில ஒரு இடம் இன்னொரு இடத்தோட பேசிக்கிறது மந்தமாயிருக்குது. பல வருஷம் சுகர் கட்டுக்குள்ள இல்லன்னா இப்படி ஆகலாம். இன்சுலின் ஊசியும் சாப்பாடும் நேரத்துக்கு நடக்கணும். அப்பதான் மேல மோசமாகாம பாத்துக்க முடியும்."

லைன் மந்தமென்றால் என்னவென்று ஜாஹிதாவுக்கா தெரியாது? பூத்தில் மழைக்காலம் முழுக்க அதோடுதானே மல்லுக்கட்டினாள். ஆனால் அர்ஷத் அதோடு விடவில்லை.

"வூட்டப் பூட்டிட்டு என்கூட மெட்ராஸ் வந்துடும்மா."

"இங்க நான் பூத்துக்கார அம்மாடா. அங்க வெறும் சக்கரைக்காரி."

அவன் ஒருவழியாக இறங்கி வந்தான். "சரி, இந்த மாசம் தனியா சமாளிச்சுக் காட்டு. ஒரு தப்பு நடந்தாலும் கூட்டிட்டுப் போயிடுவேன்."

மாசம் பாதிகூடத் தாண்டவில்லை. ஒரு காலை ஊசி போட்டுக்கொண்டு தட்டில் இட்லி வைத்தாள். வாசலில் கீரைக்காரி கூப்பிட்டாள். கீரை வாங்கி, பேசி, திரும்பி வந்தவள் துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள். இட்லி தட்டிலேயே கிடந்தது.

வேர்த்துக் கொட்டியபோதுதான் என்னவோ ஆகிறது என்று புரிந்தது. செல்போனை எடுத்தாள். மகன் படம் இருந்தது. பிள்ளையின் முகம் தெரிகிறது, அதை என்ன செய்தால் அவன் பேசுவான் என்று தெரியவில்லை. மூலையில் பழைய லேண்ட்லைன். பூத் ஞாபகமாக அவள் விடாமல் வைத்திருந்தது. ரிசீவரை எடுத்ததும் விரல் தானாக ஓடியது.

ஒரே மணி. அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"சிவாவா? சிவா, நீதானாப்பா?"

ஜாஹிதாவுக்கு நாக்கு புரளவில்லை. "அக்கா... சக்கரை..." என்பது மட்டும் வந்தது.

சுந்தராம்பாள் அந்த வயசிலும் ஓடி வந்தாள். சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்து, தெளிந்ததும் இட்லியை ஊட்டினாள். ஜாஹிதாவுக்கு முதலில் வந்தது அழுகைதான்.

"உன்ன ஏமாத்திட்டேங்கா. சிவான்னு நெனச்சு எடுத்திருப்ப."

"ஆமா, நெனச்சேன். அதுக்கு இப்ப இன்னா? வாயத் தொற."

சேதி தெரிந்து சாயங்காலமே அர்ஷத் வந்து பரணிலிருந்து பெட்டியை இறக்கினான். ஜாஹிதா தன் புடவைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். தோற்றாகிவிட்டது.

சுந்தராம்பாள்தான் குறுக்கே வந்தாள். "தம்பி, காலைல ஊசி போட்டு, சாப்ட்டுட்டு எனக்கு போன் போடட்டும். மணி அடிக்கலன்னா நான் வந்து நிப்பேன்."

"வேணாங்கா," என்றாள் ஜாஹிதா. "தெனம் மணி அடிச்சா தெனம் நீ அவன்னு நெனப்ப."

"நெனச்சுட்டுப் போறேன். பூத்த மூடினதுலேருந்து மணி அடிக்காமயே நெனச்சிட்டுத்தான இருந்தேன்?"

அர்ஷத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இந்த மாசம் முடியட்டும் பெரிம்மா, பாக்கலாம்" என்று பெட்டியைப் பரணில் ஏற்றினான்.

மறுநாள் காலை ஜாஹிதா ஊசி போட்டாள். கீரைக்காரி கூப்பிட்டதைக் காதில் வாங்காமல் இட்லியைத் தின்று முடித்தாள். பிறகு ரிசீவரை எடுத்து நம்பரைப் போட்டாள். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். சிவாவின் பெயரைச் சொல்லிக் கேட்கப்போகிறாளே என்று ஜாஹிதா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்டியா?" என்றாள் சுந்தராம்பாள்.

ஜாஹிதா காலித் தட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"சாப்ட்டேங்கா," என்றாள். "நீ?"