எழுந்து போகும் வித்தை

விலை பேசும்போது வாயைவிட முதுகுதான் அதிகம் பேசும். அண்ணன் முறையில் எல்லோரும் 'நானா' என்று கூப்பிடும் மஃறூபின் முதுகுக்குத் தலவாக்கலைக் கடைவீதியில் தனி மரியாதை இருந்தது. "உங்க சாமான நீங்களே வச்சிக்கங்க" என்று சொல்லி, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் எழுந்து நடந்தால், வாசலைத் தாண்டுவதற்குள் விற்பவன் கூப்பிட்டுவிடுவான். தேயிலைத் தோட்டங்களுக்குக் கம்பளி வாங்கிக் கொடுக்கும் வியாபாரத்தை அவர் அந்த முதுகை வைத்துத்தான் நடத்தினார்.

1956ஆம் ஆண்டு வட்டகொடைப் பக்கம் அவர் போன லொறி புரண்டது. அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே எதுவும் அவர் சொல் கேட்கவில்லை. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் வீட்டுச் சாமான்களோடு சக்கர நாற்காலி ஒன்று ஏலத்துக்கு வந்தது. மனைவி றுக்கையாவின் தம்பியும் வியாபாரத்தில் பங்காளியுமான அன்ஸார், கேட்ட விலையைக் கொடுத்து அதை வாங்கி வந்தான். கேட்ட விலையைக் கொடுப்பது அன்ஸாரின் வழக்கம். அதனால்தான் கொள்முதலுக்கு அவனைத் தனியே அனுப்ப மஃறூபுக்குப் பயம்.

நாற்காலியில் முதன்முதலாக அவர் போனது மொத்த வியாபாரி கந்தப்பன் கடைக்கு. பேரம் முற்றியது. மஃறூப் வழக்கமான வசனத்தைச் சொன்னார். நாற்காலிக்கு இரண்டு பிரேக். கோபத்துக்கு மிஞ்சியது ஒரு கைதான். மற்றது சால்வையை உதறப் போயிருந்தது. இடப்பக்கப் பிரேக்கை மட்டும் தட்டி எடுத்துவிட்டுச் சக்கரத்தை ஓங்கித் தள்ளினார். வலப்பக்கச் சக்கரம் நின்ற இடத்திலேயே நின்றது. நாற்காலி அதைச் சுற்றி முழு வட்டம் போட்டு, அவரைக் கந்தப்பனுக்கு நேராகவே கொண்டுவந்து வைத்தது.

"என்னா நானா, போன வேகத்துல வந்துட்டீங்க?" என்றார் கந்தப்பன். "அப்ப நாஞ் சொன்ன வெலயே சரிதானுங்களா?"

கடையே சிரித்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அன்ஸார் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "மச்சான், அடுத்த கிழமை நான் மட்டும் போறேனே. நீங்க வீட்டுல ஆறுதலா இருங்க."

"இன்னும் ஒரு தரம் நான் போறேன். அதுவும் சரிவராட்டி, பொறகு எல்லாம் நீயே பாரு."

அந்த வாரம் முழுவதும் றுக்கையா நாற்காலியோடு மல்லுக்கட்டினாள். துரை நெட்டையான ஆள். அவருடைய அளவுக்கு வைத்த கால்தட்டு வாசல் நிலையில் இடித்தது. மரையைக் கழற்றி அதை மேலே ஏற்றினாள். அளவுக்கு மீறி ஏற்றியதில் முழங்கால் மேலே வந்தது. மறுபடி கொஞ்சம் இறக்கினாள். அவளே தைத்த இலவம்பஞ்சு மெத்தையில் அவர் மாப்பிள்ளை மாதிரி உயரத்தில் இருந்தாரே தவிர, கை சக்கரத்துக்கு எட்டவில்லை. பாதிப் பஞ்சைப் பிடுங்கினாள். பிறகு தோல் பெல்ட்டை எடுத்தாள்.

"அது வேணாம்" என்றார் மஃறூப். "கோவிச்சிக்கிட்டுப் போற மனிசன் பெல்ட்டு மாட்டுவானா?"

"பொத்துண்டு உழுந்தா மட்டும் கோவமாத் தெரியுமாக்கும்!"

அன்று பின்கட்டில் வேகமாகத் திரும்பிப் பார்த்தபோது அவர் விழவே செய்தார். கால் தட்டில் இல்லை; சக்கரத்துக்கு முன்னால் மடங்கிக் கிடந்தது. அது மடங்கியதே அவருக்குத் தெரியவில்லை. அதன் பிறகு பெல்ட்டைப் பற்றி அவர் பேசவில்லை.

அடுத்த கிழமை மறுபடியும் கந்தப்பன் கடை. பேச்சு போன தடவை நின்ற இடத்திலேயே வந்து நின்றது. கந்தப்பன் ஒரு சதமும் இறங்கவில்லை. தோற்றுவிட்டோம் என்று மஃறூபுக்குப் புரிந்தது. விழாமல் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைத்தார்.

"உங்க சாமான நீங்களே வச்சிக்கங்க" என்றார். சால்வையைத் தொடவில்லை. குனிந்து, இரண்டு கைகளாலும் ஒரு காலைத் தூக்கித் தட்டில் வைத்தார். பிறகு மற்றக் காலை. பெல்ட்டை இழுத்துப் பூட்டினார். இடப்பக்கப் பிரேக்கை எடுத்தார், வலப்பக்கப் பிரேக்கை எடுத்தார், இரண்டு சக்கரங்களும் விட்டுவிட்டனவா என்று தொட்டுப் பார்த்தார்.

கந்தப்பன் இதையெல்லாம் கவனித்தார். பொய்க்கு எழுந்து போகிறவன் ஒரு காதைக் கடைக்குள்ளேயே விட்டுவிட்டுப் போவான் என்பது அவருடைய அனுபவம். இந்த மனிதரின் கவனமோ முழுக்கச் சக்கரத்தில் இருந்தது. நடிப்புக்காக யாரும் இவ்வளவு பாடுபட மாட்டார்கள்.

வாசலில் சாக்கடைக் கானுக்கு மேலே பலகை சரிவாகக் கிடந்தது. முன்பக்கமாக இறங்கினால் குப்புற விழ நேரும். மஃறூப் நாற்காலியைத் திருப்பி, முகம் கடைப் பக்கம் இருக்க, முன்னால் சாய்ந்து பின்பக்கமாக இறங்கத் தொடங்கினார். அன்ஸார் கீழே நின்று முதுகுப் பக்கத்தைத் தாங்கிப் பிடித்தான்.

"நானா, ஒரு வார்த்த…" என்றார் கந்தப்பன்.

"இப்ப பேசாதீங்க."

"கட்டுக்கு ஒரு ரூபா கொறைக்கிறேங்க."

"பலகையில நிக்கிறேன், பேசாதீங்க எண்டேனே!"

"சரிங்க, ரெண்டு ரூபா!"

"ரெண்டு ரூபா மச்சான்" என்று அன்ஸார் பின்னாலிருந்து சொன்னான்.

"நீ கைய விட்டிராத!"

சக்கரம் வீதியைத் தொட்டது. மஃறூப் இரண்டு பிரேக்குகளையும் போட்டுவிட்டு, அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் வேர்வை.

"மேல வாங்க நானா, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசுவோம்."

"ஏற ஏலாது, கந்தப்பன். நீங்க இறங்கி வாங்க."

யாரிடமும் விலை பேசக் கல்லாவை விட்டு இறங்காத கந்தப்பன், மாதிரிக் கம்பளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தூறலில் பலகையில் இறங்கினார். கடைவீதி பார்த்துக்கொண்டிருந்தது. கம்பளி நனைய நனைய விற்பவனுக்குத்தான் அவசரம் என்பது மஃறூபுக்குத் தெரியாதா? நிதானமாக நூலைப் பிரித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். மூன்றரை ரூபாய் இறங்கிய இடத்தில் சரி என்று தலையை ஆட்டினார்.

அன்ஸார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பஸ் நிலையத்தில் நிறுத்தி, இரண்டு பிரேக்குகளையும் போட்டான்.

"அடுத்த மாசம் சாக்கு வாங்கணும் மச்சான்" என்றான். "எத்தன மணிக்குக் கூட்டிட்டுப் போகட்டும்?"