ஜெயண்ட்ஸ் அணியின் மூவ்மெண்ட் ரிஜிஸ்டர்

இந்திரப்பிரஸ்தா ஜெயண்ட்ஸ் என்ற டெல்லி கூடைப்பந்து அணி, தொண்ணூறுகளில் இரண்டே வருடம் உயிரோடு இருந்தது. சம்பளம் கொடுத்து ஆட்களை ஆடவைத்த அணி. பெயர்தான் பூதாகாரம், ஆறடியைத் தாண்டியவர்கள் மொத்தம் இரண்டு பேர், அதில் ஒருவர் வேன் டிரைவர். மேனேஜர் வேதாந்தம். பகலில் மத்திய சர்க்கார் குமாஸ்தா, சாயங்காலம் கோல் மார்க்கெட் பக்கத்து மைதானத்தில் மேனேஜர். ஆட்டத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஃபைல் தெரியும்.

இப்போது குர்காவ்ன் பெண் சுபாஷிணி, அந்த அணியின் சரித்திரத்தை பாட்காஸ்ட் ஆக்குகிறேன் என்று துவாரகாவில் வேதாந்தத்தின் வீட்டு சோபாவில் மைக்கோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பழைய ஆட்டக்காரர் ஜம்பு. வேதாந்தம் மைக்கைப் பார்த்துப் பார்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாவம், துடைக்காமல் என்ன செய்வார்? ஃபைனலில் ஒரே பாயிண்டில் தோற்றதற்கு ரெஃப்ரியின் சதிதான் காரணம் என்று முப்பது வருடமாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். சம்பந்தி வீட்டில்கூடச் சொல்லியாயிற்று. உண்மை வெளியே வந்தால் மானம் போய்விடும்.

"அங்கிள், அந்த ரெஃப்ரி சீட் பண்ணார்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அவர் பேரோட ரெக்கார்ட் பண்ணிடறேன். பக்கா தானே?"

வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம். ரெக்கார்டில் பொய்யை ஏற்றுவதா? சர்வீஸ் முழுக்க அந்தப் பாவத்தை அவர் செய்ததே இல்லை.

"போடாதேம்மா," என்றார். "தோத்ததுக்கு நான்தான் காரணம்."

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நாற்பது செகண்ட் பாக்கி. ஜெயண்ட்ஸ் ஒரு பாயிண்ட் முன்னால். கேப்டன் ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியேற, அவருக்குப் பதில் ஆட ஜம்பு பெஞ்சிலிருந்து எழுந்து ஓடினான். வேதாந்தம் அவன் பனியனைப் பிடித்து இழுத்தார். ஆபீஸில் ஸீட்டை விட்டு எழுந்தால் மூவ்மெண்ட் ரிஜிஸ்டரில் எழுதிவிட்டுத்தான் போகவேண்டும். அதே வழக்கத்தை பெஞ்சுக்கும் கொண்டுவந்திருந்தார். ஜம்பு கையெழுத்துப் போட்டான். 'போகும் காரணம்' என்ற கட்டத்தில் 'ஆட' என்று எழுதினான். விவரம் போதாது என்று வேதாந்தம் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் ரெஃப்ரி விசிலடித்து ஓய்ந்துபோய், தாமதத்துக்குத் தண்டனையாக எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்துவிட்டார். இரண்டும் கூடையில் விழுந்தன. மிச்ச செகண்டுகளில் இரு அணியும் ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லை.

ஜம்பு எழுந்து நின்றுவிட்டார்.

"சார்! சட்டுனு ஒரு காரணம் எழுதத் தெரியாத மக்கு நான், என்னாலதான் தோத்தோம்னு நெனச்சிட்டு இருந்தேன் சார்! பொண்டாட்டிகிட்ட வேற சொல்லித் தொலைச்சிட்டேன். பால் பொங்கினாக்கூட, 'மேட்சையே தோத்த ஆளு'ன்னு ஆரம்பிச்சுடறா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வேதாந்தம் தலை குனிந்தார். தன் மானத்தைக் காப்பாற்ற இத்தனை வருடம் பாடுபட்டவர், இன்னொருவன் வீட்டில் அந்தப் பொய் என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று நினைத்தே பார்க்கவில்லை.

ஜம்பு போனைப் போட்டு நீட்டினார். "நீங்களே சொல்லுங்க சார். நான் சொன்னா அம்சவேணி நம்பமாட்டா."

வேதாந்தம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அம்மா, உங்காத்துக்காரர் மேல ஒரு தப்பும் இல்லை. மேட்ச் தோத்தது என்னாலதான்."

அந்தப் பக்கம் அம்சவேணி அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அப்போ முப்பது வருஷமா நான் திட்டினதெல்லாம் உங்களுக்குச் சேரவேண்டியதா?"

"ஆமாம்மா."

"அச்சா. டைம் இருக்கா உங்களுக்கு?"

"இருக்கும்மா."

சுபாஷிணி சத்தமில்லாமல் மைக்கைப் போன் பக்கம் நகர்த்தினாள். வேதாந்தம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்சவேணி ஆரம்பித்தாள்.