பம்பருக்கு முன்னால்

துறைமுகத்துக்குள் நுழைய வேண்டிய கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையில் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசைக்குள் புகுந்து சாலையைக் கடந்தபோது, நின்ற லாரி ஒன்று நகர்ந்ததில்தான் மீன் விற்கும் பெர்சிஸின் கணவனுக்கு ஒரு கால் போனது. அதற்குப் பிறகு லாரிக்காரர் எவரும் அவளுக்கு மனிதராகத் தெரியவில்லை. அவள் வாழும் மீனவர் குப்பத்துக்கும் டிரைவர்களுக்கும் அடிக்கடி கல்வீச்சு நடந்தது. தண்டையார்பேட்டையில் சமூகப் பணி செய்யும் மரியம் இரு தரப்பிலும் ஆள் சேர்த்து, சண்டையைப் பேசித் தீர்க்கச் சமரசப் பயிற்சி நடத்தினாள். பெர்சிஸ் அங்கே போனதே சண்டை போடத்தான்.

மரியம் பாடம் எதுவும் எடுக்கவில்லை. ஓரமாக நின்ற லாரியில், டிரைவர் சீட்டில் பெர்சிஸை ஏற்றி உட்காரவைத்தாள். வெள்ளத்துரை என்ற டிரைவரை வண்டிக்கு முன்னால் நிற்கச் சொன்னாள். மேலேயிருந்து பார்த்த பெர்சிஸுக்குச் சாலை தெரிந்தது, கடல் தெரிந்தது. வெள்ளத்துரையை மட்டும் காணவில்லை. அவரோ பம்பரை ஒட்டித்தான் நின்றிருந்தார். சீட்டிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்த பிறகுதான் அவருடைய தலை தெரிந்தது.

மறுநாள் வெள்ளத்துரையின் முறை. சாலையோரம் அவளுடைய மீன்கூடைப் பக்கத்தில், புகையிலும் தூசியிலும் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது கண்கள் சிவந்திருந்தன. "இதுல எப்படித் தாயி பொழைக்கீங்க?" என்றார்.

"காலை எடுத்தவன மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதக்கா," என்று பெர்சிஸ் மரியத்திடம் சொன்னாள். "ஆனா இன்னொருத்தர் காலு போவக் கூடாது."

இரண்டு வாரம் கழித்து ஒரு லாரி வேம்பு என்பவளின் மீன்வண்டியை நசுக்கிவிட்டது. நல்லவேளை, வேம்பு தள்ளி நின்றிருந்தாள். கூட்டம் லாரியைச் சூழ்ந்தது. முன்னால் கல்லோடு வந்தவன் பெர்சிஸின் கொழுந்தன் ஜெயவேல். அவள் போய் லாரிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"அண்ணன் காலு மறந்துபோச்சா அண்ணி?"

அவள் நகரவில்லை.

"மறக்கல. அதான் நிக்கிறேன். டிரைவர எறங்கச் சொல்றேன், நீ மேல ஏறி ஒக்காரு. நான் முன்னால நிக்கிறேன், தெரியிறேனான்னு பாரு. அப்பால பேசு."

டிரைவர் இறங்க, ஜெயவேல் கல்லைப் போட்டுவிட்டு ஏறினான். பம்பருக்கு முன்னால் நின்ற அண்ணி அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. இறங்கியபோது அவன் சமாதானமாகிவிடவில்லை. ஆனால் அடிக்கவும் இல்லை. வண்டியை எடுக்குமுன் முன்னால் ஆளைவிட்டுப் பார்க்க வேண்டாமா என்று டிரைவரிடம் கேட்டான். அந்தக் கேள்வியிலிருந்துதான் பேச்சு தொடங்கியது. குப்பத்துக்காரர்கள் கடக்கும் மூன்று இடங்களில் லாரிகள் இடைவெளி விட்டு நிற்பதென்று அன்று மாலைக்குள் முடிவாயிற்று.

அடுத்த பயிற்சிக்கு ஜெயவேலின் பெயரை, அவனைக் கேட்காமலே பெர்சிஸ் எழுதிக் கொடுத்தாள்.