மணிப்பூவுக்கு வந்த கவனிப்பு

பூங்கா அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த மணல்மேட்டில் மணிப்பூச் செடியைத் தவிர உருப்படியாக எதுவும் முளைக்காது. முழங்கால் உயரம், ஊசி ஊசியாய் இலை, குட்டி மணி போல ரோஸ் நிறப் பூ. சத்தில்லாத வறட்டு மண்ணில்தான் அது வாழும். இருபது வருஷமாகத் தோட்டக்காரர் அதற்குச் செய்த ஒரே சேவை, அதை அதன் பாட்டுக்கு விட்டதுதான்.

அதற்கும் வந்தது கேடு. வேறெங்கும் இல்லாத செடி இது என்று யாரோ ஆராய்ச்சியாளர் எழுதிவிட, பூங்கா இயக்குநருக்குத் திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்தது. அமைச்சர் பார்க்க வரும்போது செடி கொழுகொழுவென்று இருக்க வேண்டுமாம். மேட்டின் முன்பாதியில் நாலு லாரி எரு கொட்டினார்கள். காலையும் மாலையும் தண்ணீர்.

"சார், இது பட்டினி கிடந்தே பழகுன செடி. இவ்வளவு கவனிச்சா செத்துடும்" என்றார் தோட்டக்காரர்.

"வேலை செய்யச் சோம்பல்னு சொல்லுய்யா."

பத்தே நாளில் முன்பாதி பழுப்பேறித் தலை சாய்ந்தது. இயக்குநர் வந்து பார்த்தார். "சத்து பத்தலை. நாளைக்குப் பின்பாதிக்கும் எரு வருது."

மிச்சம் இருப்பதே அந்தப் பின்பாதிதான். அன்று இரவு தோட்டக்காரர் வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினார்.

"வேற இடத்துல கொண்டுபோய் வச்சிடுங்களேன்" என்றாள் மனைவி.

"பிடுங்கினா பிழைக்காது."

"அப்ப அந்த இடத்தையே உங்க ஆபீசர் கால் வைக்காத இடமா ஆக்கிடுங்க."

மறுநாள் விடிந்ததும் பின்பாதியைச் சுற்றிக் கயிறு, நடுவில் பலகை: 'கழிவுநீர்த் தொட்டி. மூடி பலவீனம். அருகில் வராதீர்.' எரு லாரி வந்தது, படித்தது, திரும்பிப் போனது. எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதெல்லாம் இயக்குநருக்குத் தெரிந்திருந்தால் அவர் எதற்கு இயக்குநராகப் போகிறார்?

அமைச்சர் வந்தார். காய்ந்த குச்சிகளுக்கு முன்னால் நின்று செடியின் பெருமையைப் பேசிவிட்டு, தூரத்தைக் காட்டினார்.

"அங்க ரோஸா தெரியுதே, அது என்ன?"

இயக்குநர் தோட்டக்காரரைப் பார்த்தார்.

"கழிவுநீர்த் தொட்டிங்க ஐயா."

இரண்டு கைக்குட்டைகள் இரண்டு மூக்குக்கு ஏறின. இயக்குநர் கைக்குட்டைக்குள்ளிருந்தே கத்தினார்: "இனிமே அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது! என்னையும் சேர்த்துத்தான்!"

அந்தச் செடிக்காக இலாகா போட்ட முதல் நல்ல உத்தரவு அது. தோட்டக்காரர் பணிவாகச் சொன்னார்:

"எழுத்துல குடுத்துடுங்க சார்."