முதுகில் ஏறிய மாமியார்

விஜய்பாண்டிக்கு மேலே எல்லாம் இருந்தது. தோள் இருந்தது, மார்பு இருந்தது, சட்டைக் கையைத் தெறிக்க வைக்கிற புஜம் இருந்தது. கெண்டைக்கால்தான் இல்லை. போன வருடம் தேனியில் நடந்த ஆணழகன் போட்டியில் அவன் முதுகைக் காட்டி நின்றபோது, பின்வரிசையிலிருந்து ஒருவன், "மேல யானை, கீழ கொக்குடா!" என்று கத்தினான். அரங்கமே சிரித்தது. ஐந்தாவது இடம்தான் கிடைத்தது.

கூடலூரில் டயர் கடை வைத்திருப்பவனுக்கு முப்பத்தெட்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காத ஆள் இல்லை. அவன் பெண்டாட்டி உமாதேவி மட்டும் கேட்கவில்லை, சத்தியம் வாங்கிக்கொண்டாள். அடுத்த போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டால் முட்டை, கோழி, மேடை எல்லாவற்றுக்கும் முழுக்கு. சரி என்று சொல்லிவிட்டான். அன்று ராத்திரி அவன் சோற்றைத் தொடாததைப் பார்த்து, சத்தியம் வாங்கியவளுக்கே மனசு கேட்கவில்லை. அந்த மேடையை விட்டால் அவனுக்கு வேறு ஆசை கிடையாது.

ஊர் ஜிம்மில் கெண்டைக்காலுக்கென்று மெஷின் இல்லை. ஆனால் பழைய முறை ஒன்று உண்டு. முன்பாதத்தை மட்டும் ஒரு கட்டையில் ஊன்றி, இடுப்பை மடக்கிக் குனிந்து மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இடுப்பின் மேல் ஓர் ஆள் உட்கார, குதிகாலை ஏற்றி இறக்க வேண்டும். வீட்டில் உமாதேவியை ஏற்றிப் பார்த்தான். நாற்பத்தாறு கிலோ, ஈ உட்கார்ந்த மாதிரிகூட இல்லை.

"எங்கம்மா எழுவத்தெட்டு கிலோங்க" என்றாள் அவள்.

"ஏய், வெளையாடாத. அவுக என் முன்னால உக்காரவே மாட்டாக."

அது உண்மை. மாமியார் மாயக்காள் மகள் வீட்டோடு வந்து இரண்டு வருடமாகிறது. மருமகன் கூடத்துக்கு வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகள் முகத்தைப் பார்த்துச் சொல்லுவாள். அப்படிப்பட்டவளை முதுகில் ஏறச் சொன்னால்? "ஆத்தாடி, கருமம்!" என்று காதைப் பொத்திக்கொண்டாள். உமாதேவி நான்கு நாள் கெஞ்சினாள், சத்தியத்தைச் சொல்லி அழுதும் காட்டினாள். ஐந்தாம் நாள் விடியற்காலையில், கதவைச் சாத்தி, சன்னலைச் சாத்தி, மருமகன் முதுகில் போர்வையை நாலாக மடித்துப் போட்ட பிறகு, மாயக்காள் நாற்காலியில் கால் வைத்து ஏறி ஒருக்களித்து உட்கார்ந்தாள்.

விஜய்பாண்டி வழக்கம்போல் துள்ளித் துள்ளி ஏற்றினான். மூன்றாவது துள்ளலில் மாமியார் அலறிவிட்டாள்.

"மாப்ள, குலுக்காதீக! விழுந்துருவேன்! மெதுவா ஏறுங்க. ஏறுனா அங்கனயே நில்லுங்க, மூச்சு விட்டுக்கிறேன்!"

இரண்டு வருடத்தில் அவனிடம் அவள் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். மருமகன் கட்டுப்பட்டான். மேலே ஏறினால், அவள் "முருகா, முருகா" என்று இரண்டு தரம் சொல்லி முடிக்கும்வரை இறங்கக் கூடாது. இறங்கினால், குதிகால் கட்டைக்குக் கீழே முழுசாகத் தாழ்ந்து, அவளுக்கு நிலை வந்த பிறகுதான் அடுத்தது. எட்டாவது தடவையில் கெண்டைக்கால் எரிந்தது. பன்னிரண்டாவதில் அவனும் முருகனைக் கூப்பிட்டான்.

துள்ளினால் குதிநரம்பே பாதி வேலையைப் பார்த்துவிடும். மெதுவாக நீட்டி, உச்சியில் நிறுத்தினால்தான் சதைக்கு வேலை. போனில் அவன் ஆயிரம் தடவை பார்த்த சங்கதிதான். முதுகில் ஒருத்தர் அலறுகிறவரை மண்டையில் ஏறவில்லை, அவ்வளவுதான். பதினைந்து வருடம் அவன் ஏமாற்றி வந்த சதை, மாமியாரின் பயத்திடம் வசமாக மாட்டிக்கொண்டது.

வாரத்துக்கு மூன்று நாள், எட்டு மாதம். மாயக்காள் ஒரு நாளும் தவறவில்லை. காய்ச்சலோடுகூட ஒருமுறை ஏறினாள். பதினாலு இஞ்ச் கால் பதினைந்தானது.

தேனி மேடையில் முதுகைக் காட்டி நின்று குதிகாலை உயர்த்தினான். பின்வரிசையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அப்புறம் யாரோ விசிலடித்தார்கள். மூன்றாம் இடம்.

சாயங்காலம் கோப்பையோடு வீட்டுக்கு வந்தவன் நேராக அடுப்படிக்குப் போய் அதை மாயக்காள் கையில் கொடுத்தான்.

"அத்தை, இது ஒங்களுது. நீங்க இல்லாட்டி நான் இன்னியோட முடிஞ்சிருப்பேன். சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன். இனிமே ஒங்களுக்கு அந்தக் கஷ்டம் வேணாம், மெஷின் ஒண்ணு வாங்கிப் போட்டுர்றேன்."

மாயக்காளின் முகம் செத்துவிட்டது.

"மெசினா?" என்றாள். கோப்பையை அடுப்படித் திண்டில் வைத்தாள். "குமுளிக்கு அங்கிட்டு ஏலத்தோட்டத்துக்கு முப்பது வருசம் போனவ மாப்ள நான். ஒருநா ஜீப்புல, நீ ரெண்டு ஆளு எடத்த அடைக்கிற, ஒன்னால மலையும் ஏற முடியலன்னு எறக்கி விட்டுட்டாக. அன்னியிலருந்து இந்த ஒடம்பத் தூக்கிக்கிட்டு எங்கன போறதுன்னு தெரியாமத்தேன் இங்கன கெடந்தேன். இந்தக் கனம் வேணும்னு கேட்டது நீங்க ஒருத்தருதேன். நாந்தேன் ஒங்களுக்குக் கும்புடு போடணும்."

தன் நன்றியை மட்டும் பெரிய மூட்டையாகச் சுமந்து வந்த விஜய்பாண்டிக்கு, எதிரே இன்னொன்று இருப்பது இப்போதுதான் தெரிந்தது.

"மெஷின் எதுக்கு அத்தை, சும்மா சொன்னேன்" என்றான். "அடுத்த வருசம் மொத எடம் வாங்கணும். காலைல அஞ்சரைக்கு வந்துருங்க."

"ஆறு மணிக்கு வாரேன். இன்னிக்கு அசந்திருப்பீக, தூங்குங்க" என்றாள் மாயக்காள்.