இடது கரை

போர் முடிந்த இரண்டாம் வசந்தத்தில் எங்கள் மலையோடையில் மீண்டும் டிரவுட் மீன் பிடிக்கத் தொடங்கினார்கள். சண்டைக் காலத்தில் கையெறி குண்டு வீசி மீன் அள்ளியவர்கள் கீழ் மடுவை வெறுமையாக்கியிருந்தனர். மேல் மடுவை எவரும் தொடவில்லை. அங்கே மீன்கள் கொழுத்துக் கிடந்தன. காரணம், இரு கரைகளிலும் கண்ணிவெடி. எந்தப் படை எங்கே புதைத்தது என்பதற்கு வரைபடம் இல்லை. ஆகவே ஊர் ஒரு விதி வகுத்துக்கொண்டது: பாலத்தடியில் நீரில் இறங்கி, ஓடையின் நடுவிலேயே நடந்து, அதே வழியில் திரும்ப வேண்டும். தூண்டில் கிளையில் சிக்கினால் அதன் நரம்பை அறுத்துவிட வேண்டும்.

இவ்விதியை என் தம்பி ஹில்மியாவுக்கு நாள் தவறாமல் நினைவூட்டியவள் நான். சேவல் இறகும் முயல் ரோமமும் சுற்றி தூண்டில் முள்ளில் பொய்ப் பூச்சி கட்டிக் கொடுப்பவளும் நானே.

அன்று காலையும் சொன்னேன்: "கரையில கால் பட்டுச்சு, அப்புறம் என் வீட்டுப் படிய மிதிக்காத."

"கால் பட்டுச்சுன்னா, எந்தக் காலக் கொண்டு மிதிக்கிறதாம்?" என்று சிரித்தபடி போனான்.

பிற்பகலில் பாலத்தின்மேல் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ரஸிமும் உடனிருந்தான். இருநூறு அடி தள்ளி, இடது கரை வில்லோ மரத்தடியில் நீர்மேல் எழும்பிய ஒரு பெரிய மீனுக்கு ஹில்மியா தூண்டிலை வீசிக்கொண்டிருந்தான்.

"ஒரு மணி நேரமா அதே மீனுக்குக் கும்புடு போடுறான். பொண்டாட்டிக்குக் கூட இவ்வளவு பொறுமையா நின்னதில்ல," என்றான் ரஸிம். பிறகு அவன் குரல் மாறியது. "அக்கா, தண்ணி கலங்குது பாரு."

மலைமேல் மழை பெய்திருக்க வேண்டும். சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. நாங்கள் கத்துவதற்குள் நீர் ஹில்மியாவின் முழங்காலிலிருந்து தொடைக்கு ஏறிவிட்டது. அவன் திரும்பி நடந்தான். நான்கு அடிகூட வைக்க முடியவில்லை. மரத்தின் வேரை எட்டிப் பற்றிக்கொண்டான். கரை ஓர் அடி தூரம்தான்.

"அக்கா! ஏறட்டுமா?"

"ஏறச் சொல்லுக்கா! வெடிச்சா ஒரு காலுதான் போகும்," என்றான் ரஸிம்.

"ஏறாத! தண்ணியிலயே வா!" என்று கத்தினேன்.

நாற்பத்திரண்டு வயது மனிதன். ஒருமுறை தலையசைத்தான். வேரை விட்டுவிட்டு நீரோடு நடக்க முயன்றான்.

மூன்றாம் நாள் ஆலைத் தடுப்பணையில் உடலை எடுத்தார்கள்.

செப்டம்பரில் தலைநகர் சரயேவோவிலிருந்து கண்ணிவெடி அகற்றும் குழு வந்தது. வலது கரையில் பதினான்கு எடுத்தார்கள். இடது கரையில் ஒன்றும் இல்லை.

"சரியாத் தேடுனீங்களா?" என்று கேட்டேன்.

"தேடுனோம்மா."

"மறுபடியும் தேடுங்க."

முகம் சுளிக்காமல், இரண்டு நாள் செலவிட்டு, மரத்தடியிலிருந்து பாலம்வரை ஒவ்வொரு சாணாகத் தேடினார்கள். அவர்களுக்குக் காப்பி கொண்டுபோனேன். குழுத் தலைவன் தலைக்கவசத்தைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"ஒண்ணுமே இல்லம்மா. நல்ல சேதிதானே? இனி இந்தப் பக்கம் தாராளமா நடக்கலாம்."

"நல்ல சேதிதான்," என்றேன்.